வீட்டுக்கும் நாட்டுக்கும் மருத்துவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



நீங்கள் பிறப்பதற்கு முன்பே ஒரு பெரியவரின் பெயர் உங்களில் பலருடைய வீட்டிற்குள் நுழைந்திருக்கும். உங்கள் அம்மா கருவுற்றிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று பெயரைப் பதிவு செய்து, வங்கிப் புத்தகத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்தாரே, அந்த உதவித் திட்டத்திற்கு ஒரு பெயர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். ஏழைத் தாய்மார்கள் பேறுகாலத்தில் நல்ல உணவு உண்ணவும், கூலி வேலைக்கு ஓடாமல் சில நாள்கள் ஓய்வெடுக்கவும் தமிழ்நாடு அரசு தரும் உதவி அது. அந்தப் பணம் வந்துவிட்டதா என்று அம்மாக்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம்.

ஆரணியாற்றங்கரையில் அமைந்த நம் ஊரின் விடியற்காலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வண்டிக்காகக் கையில் சோற்றுப் பாத்திரத்துடன் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் நம் அம்மா இருப்பார், அக்கா இருப்பார், சித்தி இருப்பார். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காட்சியை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு வெளி என்று கோடு கிழித்து வைத்திருந்த காலம் அது. அந்தக் கோட்டைத் தாண்டிய முன்னோடிகளில் ஒருவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரது வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது, நம் அம்மாக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கும் உதவும்.

புதுக்கோட்டைச் சிறுமி

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்களில் சிலரைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இசையையும் நாட்டியத்தையும் பல நூற்றாண்டுகள் காத்து வளர்த்தவர்கள் அப்பெண்கள். ஆயினும் காலப்போக்கில் செல்வந்தர்களின் பிடியில் சிக்கி, மணவாழ்வு இன்றி, ஊராரின் ஏளனத்துக்கும் ஆளானார்கள். சந்திரம்மாளை வாழ்க்கைத் துணையாக ஏற்றதற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். இப்படி இரு பக்கத்துச் சுடுசொல்லையும் கேட்டு வளர்ந்த குழந்தைதான் முத்துலட்சுமி.

பெண் வளர வளரத் தாயின் கவலையும் வளர்ந்தது. காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த அம்மையாரின் ஆசை. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஊரின் ஏளனத்தை உள்ளுக்குள்ளேயே விழுங்கிய ஒரு தாய், தன் மகளுக்காவது பாதுகாப்பான ஓர் இல்லறம் அமைய வேண்டும் என்று ஏங்கியது இயல்பே. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று சொல்லி வந்த உலகம் அது. ஆனால் தந்தையார் மகளின் அறிவுக் கூர்மையைக் கண்டுகொண்டார். பருவமெய்திய பெண் பள்ளிக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தை உடைக்க முடியாதபோது வீட்டையே பள்ளியாக்கினார். தாமும் கற்பித்து, ஆசிரியரையும் அமர்த்தினார். 1902இல் முத்துலட்சுமி தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதி வெற்றி பெற்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

தேர்வில் வென்ற பெண் அடுத்து எங்கே படிப்பது? புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அதில் இடம் கேட்டு முத்துலட்சுமி விண்ணப்பித்ததும் ஊரில் பெரும் சலசலப்பு எழுந்தது. ஒரு பெண் வந்து அமர்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டினர் வேறு சிலர். பிறந்த குலத்தையும் இழுத்துப் பேசினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இந்தக் கூக்குரலுக்குச் செவி சாய்க்கவில்லை. 1904இல் முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அக்கல்லூரியின் முதல் மாணவி அவரே.

அன்று அவர் கல்லூரிக்குப் போன விதத்தை இன்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். மூடிய வண்டியில் செல்ல வேண்டும். வகுப்பில் மாணவர் கண்ணில் படாதவாறு ஒரு திரைக்குப் பின்னால் அமர வேண்டும். ஆசிரியரின் குரல் மட்டும் திரையைக் கடந்து வரும். இத்தனை கட்டுப்பாடுகளுக்கு இடையிலும் அவர் மனம் சுருங்கவில்லை. கண்ணை மறைக்கும் திரை, கருத்தை மறைக்க முடியாது அல்லவா? பாடங்களைக் கருத்தாய்ப் படித்து இண்டர்மீடியட் தேர்விலும் தேறினார்.

தோழியரே, காலையில் சீருடை அணிந்து, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, பேருந்திலோ மிதிவண்டியிலோ கலகலவென்று பேசிச் சிரித்தபடி நாம் பள்ளிக்கு வருகிறோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் திரைமறைவில் அமர்ந்து படித்த ஒரு பெண்ணின் பொறுமை இருக்கிறது.

அறுவை மருத்துவத்தில் முதலிடம்

1907இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்கள் கால் வைப்பது அதுவே முதல் முறை அன்று. 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய சில பெண்களுக்கு அக்கல்லூரி இடம் தந்திருந்தது. எனினும் முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பெண் மாணவிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். பெண்கள் கத்தி பிடித்து அறுவை செய்யத் தகுந்தவர்கள் அல்லர் என்ற எண்ணம் பேராசிரியர்களிடமும் வேரூன்றியிருந்தது. முத்துலட்சுமியோ அந்த அறுவை மருத்துவத்திலேயே முதல் மதிப்பெண் பெற்றுக் காட்டினார். பரிசுகளையும் பதக்கங்களையும் குவித்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார்.

பெண் மருத்துவர் ஒருவர் அன்று எவ்வளவு தேவைப்பட்டார் என்பதையும் அறிய வேண்டும். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோயை மறைத்து மறைத்தே உயிரை விட்ட பெண்கள் ஏராளம். பேறுகாலத்தில் சிக்கல் நேர்ந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மாட்டார்கள். படிக்காத மருத்துவச்சியின் கையிலேயே தாயும் சேயும் மடிவர். ஆகையால் ஒரு பெண்ணை மருத்துவராக்குவது ஆயிரம் தாய்மாரைக் காப்பதாகும் என்பதை முத்துலட்சுமி நேரில் கண்டு உணர்ந்தார்.

அருட்சகோதரிகளுக்கும் அடைத்திருந்த கதவு

இவ்விடத்தில் நம் திருச்சபையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் நினைவுகூர்வது பொருத்தம். முத்துலட்சுமி மருத்துவம் படித்த நாள்களில் கன்னியர் சபையைச் சேர்ந்த ஓர் அருட்சகோதரி பிரசவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற அம்மையார் 1909இல் ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். இந்தியத் தாய்மார் படும் பாட்டை அறிந்த அவர், அருட்சகோதரிகளை மருத்துவர்களாக்க வேண்டுமென்று உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். விடை வருவதற்கு முன்பே 1913இல் இறைவனடி சேர்ந்தார்.

1920இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டாக்டர் மேரி குளோரி என்பவர் குண்டூருக்கு வந்து துறவற சபையில் சேர்ந்தார். திருத்தந்தையின் தனி அனுமதி பெற்று, துறவியாகவும் மருத்துவராகவும் தொண்டாற்றினார். எல்லாத் துறவறச் சகோதரிகளுக்குமான பொது அனுமதி 1936ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று வழங்கப்பட்டது. நோயாளருக்கு ஆறுதலான அன்னையின் திருநாளில் அந்தக் கதவு திறந்தது எத்துணைப் பொருத்தம்! பழைய வழக்கத்தை மாற்றுவது பக்திக்கு மாறானது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மனித உயிரைக் காக்க வேண்டும் என்ற அன்பே அந்த மாற்றத்தைக் கொணர்ந்தது.

ஒரு நிபந்தனை

மருத்துவராகிவிட்ட முத்துலட்சுமியின் மனத்தில் திருமணம் பற்றி ஓர் அச்சம் இருந்தது. படித்த பெண்கள் பலர் மணமான மறுநாளே படிப்பை மூட்டை கட்டி வைத்ததை அவர் பார்த்திருந்தார். டாக்டர் சுந்தர ரெட்டி என்ற மருத்துவர் அவரை மணக்க விரும்பியபோது அவர் தயங்கியதன் காரணம் இதுவே. இறுதியில் ஒரு நிபந்தனையின் பேரில் இசைந்தார். தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும்; தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. சுந்தர ரெட்டி அதை மனமுவந்து ஏற்றார். 1914இல் திருமணம் நடந்தது.

நகை எவ்வளவு, சீர் எவ்வளவு என்று மணமகன் வீட்டார் நிபந்தனை விதிப்பதைத்தான் உலகம் கண்டிருந்தது. மணமகள் ஒருத்தி பொன்னும் பொருளும் கேளாமல் மதிப்பைக் கேட்டாள் என்பது புதுமை. அதைவிடப் பெரிய புதுமை, அந்த வாக்கைக் கணவர் வாழ்நாள் முழுதும் காப்பாற்றியது. இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு மைந்தர்கள் பிறந்தனர். பிள்ளைகள் பிறந்த பின்னும் முத்துலட்சுமி மருத்துவத் தொழிலை விடவில்லை. 1925இல் பெண்கள், குழந்தைகளின் நோய்கள் குறித்து உயர்கல்வி பெற அரசின் உதவியுடன் இலண்டனுக்குச் சென்றார். 1926இல் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

முத்துலட்சுமியின் வரலாற்றைச் சொல்வோர் அவர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் சொல்வார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு ஆண்களின் மனமாற்றம் நிகழ்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஊர் சிரித்தபோதும் மகளுக்குப் பாடம் சொன்ன தந்தை ஒருவர். மனைவியின் உயர்வில் தம் தாழ்வைக் காணாத கணவர் மற்றொருவர். பெண் வீட்டுப் படியைத் தாண்டினால் மட்டும் போதாது. வீட்டிற்குள் இருப்பவர்களும் தங்கள் பழைய இடத்திலிருந்து சற்று நகர்ந்து கொடுக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து நடந்ததால்தான் முத்துலட்சுமி நமக்குக் கிடைத்தார்.

சட்டமன்றத்தில் ஒரு தாய்க்குரல்

இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1926இல் சட்டமன்றத்தில் உறுப்பினராகும் உரிமையும் கிடைத்தது. மாதர் சங்கத்தினர் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தனர். நோயாளிகளைக் கவனிக்க முடியாமல் போகுமே என்று அவர் முதலில் தயங்கினார். கணவரும் நண்பர்களும் ஊக்கமளித்ததால் ஒப்புக்கொண்டார். மன்றத்தில் நுழைந்ததும் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். சட்டமன்றம் ஒன்றின் துணைத் தலைவர் பதவியை வகித்த முதல் பெண்மணி என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

பதவியை அவர் அலங்காரமாக அணியவில்லை. குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஏழைப் பெண்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாதாடினார். குழந்தை மணத்தைத் தடுக்க 1929இல் வந்த சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயாகி, பிரசவ அறையில் துடித்த சிறுமிகளை மருத்துவராக அவர் கண்டிருந்தார். ஆதலால் அவருடைய பேச்சில் புள்ளி விவரத்தோடு கண்ணீரும் கலந்திருந்தது.

அவர் நடத்திய போர்களில் கடுமையானது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் போர். 1927இல் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கோயிலுக்கும் கலைக்கும் கேடு விளையும் என்று பெரிய தலைவர்களே எதிர்த்தனர். அக்குலத்துப் பெண்களிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். இசைவாணி பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தங்கள் கலைக்கும் சொத்துரிமைக்கும் நற்பெயருக்கும் ஊறு நேரும் என்று அஞ்சி மறுப்புத் தெரிவித்தனர். பரம்பரையாகப் பாட்டும் பரதமும் பயின்று பிழைத்த பெண்கள் நாளை எதைக் கொண்டு வாழ்வார்கள் என்ற கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. 1929இல் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. கோயில் மானிய நிலத்தை அனுபவித்து வந்த அப்பெண்கள், கோயில் பணி செய்யும் கட்டாயம் நீங்கி, நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள அது வழி செய்தது. வழக்கத்தையே முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. இருபது ஆண்டுகள் ஒரு நோக்கத்தை விடாமல் பற்றி நின்ற உறுதியை என்னென்பது!

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார்.

ஔவை இல்லம்

பதவி போனாலும் பணி போகவில்லை. பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாமென்று விலகி வந்த இளம்பெண்கள் சிலர் தங்க இடமின்றித் தவித்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. அவர்கள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர் அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். 1930இல் இப்படித்தான் ஔவை இல்லம் பிறந்தது. பின்னர் அடையாறில் விரிந்து, ஆதரவற்ற பெண்களும் சிறுமிகளும் தங்கிக் கல்வி கற்கும் நிலையமாயிற்று. சட்டம் ஒரு கதவை மூடும்போது, அன்பு மற்றொரு கதவைத் திறக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அநாதையாய் வந்த பெண் ஆசிரியையாகவோ செவிலியாகவோ சொந்தக் காலில் நிற்கும் நாளே அவருக்குத் திருநாள்.

தங்கையின் நினைவில் ஓர் ஆலயம்

முத்துலட்சுமியின் தங்கை ஒருவர் இளம் வயதிலேயே புற்றுநோயால் மாண்டார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாத வேதனை அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை அமைக்க வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தோரே கருதிய காலம் அது. அவர் வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67! மற்றவர்கள் ஓய்ந்து அமரும் வயதில் அவர் புதிய விளக்கை ஏற்றினார்.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அம்மருத்துவமனைக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தார். டாக்டர் சாந்தா என்ற மற்றொரு பெண் மருத்துவர் 1955இல் வந்து சேர்ந்து, 2021இல் மறையும் வரை அங்கேயே தொண்டாற்றினார். தாய் தொடங்கிய பணியை மகன் தொடர்ந்ததும், மகனோடு தோளுக்குத் தோள் நின்று ஒரு பெண் அதை வளர்த்ததும், இவ்வேலை ஆணுக்கு, இவ்வேலை பெண்ணுக்கு என்ற பிரிவினையைச் செயலால் அழித்த பாடமன்றோ?

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள்கள் முன்னதாக, அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பிறந்த ஜூலை 30ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடி வருகிறது.

நம் வீட்டில் இன்னும் இருக்கும் திரை

தோழியரே! முத்துலட்சுமி அமர்ந்த வகுப்பறைத் திரை இன்று இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்புக்கு வழி செய்தது. பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யக் கூடாது என்றிருந்த பழைய விதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கி, தக்க பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அம்மாக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

ஆயினும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுவதாகவும், அவ்வேலைகளில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுவதாகவும் தெரியவந்தது. கை வைக்கும் ஆண்களோ நூற்றுக்கு 26 பேர் மட்டுமே! 299 நிமிடம் என்றால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அம்மா தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, மறுபடியும் அடுப்படியில் நிற்கிறார். வெளியுலகின் வாசல் பெண்ணுக்குத் திறந்துவிட்டது. அடுப்படியின் வாசலில் ஆண் நுழைய இன்னும் தயங்குகிறான். இதுதான் நம் வீட்டில் இன்னும் தொங்கும் திரை.

இருவரும் மருத்துவர்களாக இருந்த முத்துலட்சுமியின் குடும்ப வசதி வேறு. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கடனைத் தீர்க்கும் நம் அம்மாக்களின் நிலைமை வேறு. ஆனால் அவர் கேட்ட மதிப்பு, எல்லா வீட்டுக்கும் பொதுவானது. அதற்குப் பணம் தேவையில்லை. மனம்தான் தேவை.

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஏரோதின் வாளுக்குத் தப்ப, நள்ளிரவில் எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் சென்ற சூசையப்பர், குழந்தையைக் காப்பது தாயின் வேலை மட்டுமே என்று நினைக்கவில்லை. நீதிமொழிகள் நூலின் இறுதியில் போற்றப்படும் குணவதியோ வீட்டை மட்டும் பேணவில்லை. நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், கம்பளியும் சணலும் நூற்று நெய்து விற்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். ஆணுக்கு அன்பும் பெண்ணுக்கு ஆற்றலும் நம் மறைநூல் தொன்றுதொட்டே காட்டிய பண்புகள் அல்லவா?

ஆகவே இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் ஒரு நாளில் நடக்கும் வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது முதல் இரவு கதவைத் தாழிடுவது வரை ஒன்றையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்பவர் பெயரை எழுதுங்கள். அப்பாவிடமும் அண்ணன் தம்பியிடமும் காட்டுங்கள். சண்டைக்கு அன்று, பார்ப்பதற்கு மட்டும். அம்மாவின் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று அவர்கள் எண்ணட்டும். அவர்கள் எண்ணி முடித்ததும், உங்கள் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று நீங்களும் எண்ணுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் மகனுக்குச் சோறு வடிக்கவும் சட்டை துவைக்கவும் கற்றுக்கொடுங்கள். உங்கள் மகளின் படிப்பைத் திருமணத்துக்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள். நாராயணசாமி ஐயர் அன்று மகளுக்குப் பாடம் சொன்ன அந்த மாலை நேரங்கள், பின்னாளில் எத்தனை ஆயிரம் தாய்மாருக்கு உயிராயின என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுக்கும் வேலை வரும், வாழ்க்கைத் துணை வரும். அப்போது பொன் கேளாமல், பொருள் கேளாமல், மதிப்பைக் கேட்ட முத்துலட்சுமி அம்மையாரை நினையுங்கள். அம்மதிப்பைப் பெறுவதற்கான தகுதியை இன்றே, இந்தப் பள்ளியிலேயே, படிப்பால் தேடிக்கொள்ளுங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!